பத்துக்குப் பத்து அறையில் மிக்ஸிங் படிக்க எந்தப் புத்தகம்?

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு கண்டன்சர் மைக், ஒரு ஜோடி சின்ன மானிட்டர் ஸ்பீக்கர், ஒரு ஹெட்ஃபோன். கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவுக்குப் பாட்டு பதிவு செய்து, குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து (அதுதான் மிக்ஸிங்) கொடுக்கிறார். அறையில் நன்றாகக் கேட்ட பாட்டைக் காரில் போட்டால் பேஸ் மட்டும் முழங்குகிறதாம், குரல் உள்ளே போய்விடுகிறதாம். இரண்டு வருடம் யூடியூபில் பார்த்தும் பிடிபடவில்லை. சரி, புத்தகம் படிப்போம் என்று பத்துப் பெயர் எழுதி வைத்திருக்கிறார். எதை முதலில் வாங்குவது, ஆங்கிலம் சுமார்தான் வரும் என்கிறார்.

தம்பி, பத்தும் வேண்டாம். மைக் சீனியர் எழுதிய ‘மிக்ஸிங் சீக்ரெட்ஸ் ஃபார் தி ஸ்மால் ஸ்டூடியோ’ ஒன்றை மட்டும் வாங்குங்கள். முதல் பதிப்பு 2011, இரண்டாவது 2018. எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. மற்ற ஒன்பதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஏன் இது என்று சொல்லிவிடுகிறேன். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

நான் புரட்டிய மிக்ஸிங் புத்தகங்களில் பல ஈக்யூவிலோ (குறிப்பிட்ட அலைவரிசையை ஏற்றி இறக்குவது) கம்ப்ரசரிலோ (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) சீக்கிரமே இறங்கிவிடும். இந்தப் புத்தகத்தின் நாலு பகுதிகளில் முதல் பகுதி முழுக்கக் கேட்பதைப் பற்றி. ஸ்பீக்கரை எங்கே வைப்பது, அறை என்ன பொய் சொல்கிறது, அந்தப் பொய்யைச் செலவில்லாமல் எப்படிச் சமாளிப்பது, மற்றவர் பாட்டோடு நம் பாட்டை எப்படி ஒப்பிடுவது. இதெல்லாம் முடிந்த பிறகே ட்ராக்குகளை, அதாவது தனித்தனியாகப் பதிந்த குரல், வாத்தியத் தடங்களை ஒழுங்கு செய்வது, அப்புறம் பேலன்ஸ், கடைசியில்தான் அலங்காரம். காரில் பேஸ் முழங்குகிறது என்று சொல்கிறவருக்கு அந்த முதல் பகுதிதான் மருந்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து அடி என்றால் 3.05 மீட்டர். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் ஓடும். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு வரும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். அந்தச் சத்தம் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அடைபட்டு, சுவரோரத்தில் குவியும், நடு அறையில் காணாமலே போகும். உங்கள் அறை சதுரம் என்பதால் நீளமும் அகலமும் ஒரே சுருதியில் இந்த வேலையைச் செய்யும். மேல்தளமும் பத்தடி உயரமாக இருந்தால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். ஸ்டூடியோவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. ஆனால் வீடு கட்டுகிற மேஸ்திரிக்கு அது தெரியுமா?

ரீப்பரிலோ நீங்கள் வைத்திருக்கிற வேறு மென்பொருளிலோ 57 ஹெர்ட்ஸில் ஒரு சைன் டோனை (ஒரே சுருதியுள்ள சுத்த ஓசை) மெதுவாக ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். மூலையில் போய் நின்றால் காது அடைக்கும். நடுவில் வந்து நின்றால் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இருக்கும். முதல்தடவை இதைச் செய்தபோது நான் ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்து ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பின்னால் போனதும் சத்தம் மறுபடியும் வந்தது. இப்போது யோசியுங்கள். உங்கள் நாற்காலி நடு அறையில் கிடக்கிறதா? கிடந்தால் நீங்கள் அங்கே உட்கார்ந்து, பேஸ் கேட்கவில்லையே என்று ஏற்றி ஏற்றி வைக்கிறீர்கள். கார் அதை அப்படியே முழங்குகிறது. உங்கள் காதில் குறையில்லை, நாற்காலி கிடக்கிற இடம்தான் கோளாறு.

புத்தகம் இந்தச் சோதனையை எப்படிச் செய்வது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று பொறுமையாகச் சொல்லும். ஆனால் அமெரிக்காவில் எழுதப்பட்ட புத்தகங்களில் அறையின் ஒலியைச் சீர்செய்யும் அத்தியாயங்களைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அங்கே நிறைய வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்தான். பேஸில் ஒரு பங்கு சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். நமக்குச் செங்கல், சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். எதுவும் வெளியே போகாது, எல்லாம் உள்ளேயே சுற்றும். ஒலி உறிஞ்சும் பலகை இரண்டு இஞ்ச் கனம் போதும் என்று அவர்கள் சொன்னால் நமக்கு நாலு இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கியது) பலகைகளை மூலைகளில் குறுக்காக நிறுத்துவது நல்லது. முடியாவிட்டால் பழைய காயர் மெத்தை இரண்டைப் பின்சுவரில் சாத்துங்கள். 57 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் குரலுக்கு வருகிற தகர டப்பா எதிரொலி அடங்கும். முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது பல்லிக்கு மட்டும் உபயோகம்.

இனி, புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற பொதுக் கேள்விக்கு வருகிறேன். கடையிலோ இணைய மாதிரிப் பக்கங்களிலோ புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது ஈக்யூ அத்தியாயத்தை. அங்கே வாத்தியங்களின் பெயரை வரிசையாகப் போட்டு, எந்த ஹெர்ட்ஸில் ஏற்று, எந்த ஹெர்ட்ஸில் இறக்கு என்று ஒரு அட்டவணை மட்டும் இருந்தால் மூடி வைத்துவிடுவேன். அனுபவத்தில் பட்டது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், தோவாளைப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பாடிய வில்லுப்பாட்டுக் குழுவைப் பதிவு செய்தேன். வில், உடுக்கு, குடம், ஜால்ரா, கட்டை. குடத்துக்குத் தனி மைக் வைத்திருந்தேன், நல்ல பதிவுதான். அப்போது என்னிடம் இருந்த ஒரு புத்தகத்தில் மேற்சொன்ன மாதிரி அட்டவணை. அதில் குடம் எங்கே இருக்கப்போகிறது? ஆனால் 300 ஹெர்ட்ஸைச் சுற்றிச் சேறு சேரும், வெட்டிவிடு என்று பொதுவாகப் போட்டிருந்தது. நானும் எல்லா ட்ராக்கிலும் வெட்டினேன். தெளிவாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். குழுவின் தலைமைப் பாடகரான புலவரை வரச்சொல்லி ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். “குடத்த ஒடச்சிட்டியா மக்கா?” என்றார்.

மட்டையால் குடத்தின் வாயில் அறைந்ததும் எழுகிற அந்தக் ‘கும்’, நான் சேறு என்று வெட்டிப்போட்ட இடத்தில்தான் இருந்தது. வெட்டை எடுத்துவிட்டேன். பிறகு குடத்தோடு உண்மையில் மோதுகிறது எது என்று ஒவ்வொரு ட்ராக்காக அணைத்துப் பார்த்தேன். பின்பாட்டுக்காரர் மைக்கில் ஒழுகியிருந்த அதே குடத்தின் சத்தம்தான் குழப்பத்துக்குக் காரணம். அந்த ட்ராக்கில் மட்டும் கீழே வெட்டினேன், முடிந்தது. எந்த எண் என்று சொல்லாமல், மோதுகிற இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித்தருகிற புத்தகம் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் புலவரிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன். மைக் சீனியர் அப்படித்தான் எழுதுகிறார். உங்கள் வாத்தியம் அவர் கேள்விப்படாததாக இருந்தாலும் அவர் வழிமுறை செல்லும்.

இன்னொரு பெரிய வித்தியாசம் கீபோர்டு. இந்தப் புத்தகங்களெல்லாம் டிரம்ஸுக்கு எட்டு மைக் வைத்து, பேஸ், கிட்டார், குரல் என்று தனித்தனியாக இருபது முப்பது ட்ராக் உங்கள் கையில் இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்டவை. நம் சபைப் பாட்டு எப்படி வருகிறது? வாசிக்கிற அண்ணன் தாளத்தையும் தானே வாசிக்கிற ஸ்டைல் கீபோர்டைக் கொண்டுவந்து வைப்பார். ரிதம், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் குழைந்து இரண்டு ஒயரில் வரும். அதற்கு மேல் நாலு குரல். அந்த ஸ்டீரியோ ட்ராக்கில் பேஸை மட்டும் சுத்தமாகக் குறைப்பது ப்ளக்-இன்னுக்குக் (மென்பொருளோடு சேர்க்கும் கருவி) கஷ்டம். அதனால் புத்தகத்தின் டிரம்ஸ் பக்கங்களை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, பதிவிலேயே பிரித்து வாங்குங்கள். மிடியாக (சத்தமாக அல்லாமல், எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார் என்ற குறிப்பாக) பதிந்துகொண்டால் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஓடவிட்டுத் தனி ட்ராக்காக எடுக்கலாம். அண்ணன் சம்மதிக்காவிட்டால், ரிதமும் பேஸும் ஒரு தடவை, மற்றவை இன்னொரு தடவை என்று இரண்டு சுற்றாவது வாங்குங்கள். ஒரு டீ கூடுதலாக ஆகும்.

நீங்கள் மறுபடி மறுபடி படிக்க வேண்டியது குரல் சம்பந்தப்பட்ட பகுதிகள். கம்ப்ரசர், ஸகர ஓசையை அடக்குவது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை வரிக்கு வரி நகர்த்தும் ஆட்டோமேஷன். இங்கேயும் ஒரு எச்சரிக்கை. மேற்கத்திய ராக் பாட்டில் குரல் வாத்தியங்களுக்குள் கொஞ்சம் அமிழ்ந்திருப்பது அழகு. இங்கே ஒரு வார்த்தை புரியாமல் போனாலும் முன்வரிசைப் பாட்டி கேட்பார். ஆகவே ஒப்பிடுவதற்கு எடுக்கும் பாட்டு தமிழ்ப் பாட்டாக, உங்கள் பாட்டின் அளவிலேயே வாத்தியங்கள் உள்ளதாக இருக்கட்டும். அதை ஒரு ட்ராக்கில் இறக்கி, உங்கள் மிக்ஸின் சத்தத்துக்குச் சமமாகக் குறைத்து வையுங்கள். வெளிவந்த பாட்டு மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் முழுப் பாட்டின் சத்தத்தையும் சரிசெய்து ஏற்றுவது) முடிந்தது, ஆறு முதல் பத்து டெசிபெல் வரை குறைக்க வேண்டியிருக்கும். குறைக்காமல் ஒப்பிட்டால் அதுதான் எப்போதும் ஜெயிக்கும். சத்தம் குறைந்தால் காது பேஸையும் கூர்மையையும் முதலில் இழக்கும் என்று பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ப்ளக்-இன்னைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்க்கும்போதும் இதே கதைதான். அது சத்தத்தை ஒரு டெசிபெல் ஏற்றியிருந்தாலே நமக்கு நன்றாக இருக்கிறது என்று தோன்றும்.

மைக் சீனியர் ஒற்றைச் சிறு ஸ்பீக்கரில், மோனோவில், பேஸும் இல்லாமல் உச்ச ஓசையும் இல்லாமல் கேட்டுப் பார்க்கச் சொல்வார். அதற்கென்றே விற்கிற பெட்டி ஸ்பீக்கரை வாங்கச் சொல்வார். அங்கே அது ஒரு முதலீடு. நமக்குத் தேவாலயத் திருவிழா வந்தால் தென்னை மரத்துக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்களே, அதே வேலையை அது செய்யும். கீழ்ஸ்தாயி இல்லை, மேலே கூர்மை இல்லை, நடு ஓசை மட்டும். உங்கள் பாட்டு கடைசியில் அதில்தான் ஒலிக்கப்போகிறது. அந்தக் குழாயில் வரிகள் புரிகின்றனவா, பேஸ் என்ன சுருதி வாசிக்கிறது என்று ஊகிக்கவாவது முடிகிறதா என்று பாருங்கள். ஸ்டீரியோவில் அகலமாக விரித்துவைத்த ஸ்ட்ரிங்ஸ் மோனோவில் பாதியாக வற்றிப்போவதையும் அங்கே கேட்கலாம். வீட்டில் இருக்கும்போது பழைய செல்போன் ஸ்பீக்கர் ஒன்று போதும்.

நம்மூரில் மாற்றிப் படிக்க வேண்டிய இன்னொரு எண் ஹம். அமெரிக்கப் புத்தகம் 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை எடு என்று சொல்லும். நம் மின்சாரம் 50. அதனால் 50, 100, 150 என்று அடுக்காக வரும். 60-இல் வெட்டிவிட்டு ஏன் போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்ப்பேன். வெட்டுவதற்கு முன்னால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதோடு இரைச்சல் போய்விடும். போனால் எர்த்தைக் கவனிக்க வேண்டும்.

சரி, உங்கள் பட்டியலில் உள்ள மற்றவை.

பாபி ஓசின்ஸ்கியின் ‘தி மிக்ஸிங் இன்ஜினியர்ஸ் ஹேண்ட்புக்’ 1999-இல் முதலில் வந்தது. ஆங்கிலம் எளிது. உங்கள் ஆங்கிலம் தடுமாறினால் இதையே முதலில் வாங்கலாம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் மைக் சீனியர் பிரிட்டிஷ் நக்கலோடு எழுதுவார், சில இடங்களில் நகைச்சுவை எது, அறிவுரை எது என்று பிரிக்கவே இரண்டு தடவை படிக்க வேண்டிவரும். ஓசின்ஸ்கி ஒரு மிக்ஸை ஆறு அம்சங்களாகப் பிரிக்கிறார்: பேலன்ஸ், அலைவரிசைகளின் பங்கீடு, இடம் வலம், ஆழம், சத்தத்தின் ஏற்ற இறக்கம், கேட்பவரைப் பிடித்துவைக்கும் சுவாரசியம். எதையாவது மறந்துவிட்டோமா என்று பார்க்க இது நல்ல வரிசை. பின்பாதி பெரிய இன்ஜினியர்களின் பேட்டிகள். படிக்கச் சுவை, ஆனால் அவர்கள் பேசுகிற கருவிகளின் விலைக்கு இங்கே ஒரு ரப்பர் தோட்டம் வாங்கலாம்.

ரோயி இஸாகியின் ‘மிக்ஸிங் ஆடியோ’ 2008-இல் வந்த தடிமனான புத்தகம். கம்ப்ரசர் உள்ளே என்ன செய்கிறது என்று வரைபடத்தோடு இவ்வளவு தெளிவாக விளக்கியது எனக்குத் தெரிந்து குறைவு. அட்டாக் நேரத்தை (கம்ப்ரசர் அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) கூட்டினால் மிருதங்கத்தின் விரல் அடி ஏன் தெறிக்கிறது என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது. ஆனால் முதல் புத்தகமாக எடுத்தால் நூறாவது பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். ஒரு வருடம் கழித்து, சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்கிற புத்தகம் இது. வாங்கினால் அச்சில் வாங்குங்கள், செல்போன் திரையில் வரைபடங்கள் கண்ணைக் குத்தும்.

பாப் காட்ஸின் ‘மாஸ்டரிங் ஆடியோ’வும், ஆல்டன் எவரெஸ்டின் ‘மாஸ்டர் ஹேண்ட்புக் ஆஃப் அகூஸ்டிக்ஸ்’ஸும் உயர்ந்த புத்தகங்கள்தான். இப்போது வேண்டாம். மிக்ஸ் நேராகாதவரை மாஸ்டரிங் படிப்பது வீண், அறைக்கு மேலே சொன்ன கணக்கும் இரண்டு மெத்தையும் போதும். மீதிப் பெயர்களில் ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கான கையேடுகள் இருக்கின்றன. மென்பொருள் மாறினால் அவை பழைய பேப்பர் கடைக்குப் போகும். ரீப்பர் பயன்படுத்துவதாக இருந்தால் அதன் முழுக் கையேடு இணையத்தில் இலவசம்.

பழைய பதிப்பு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. கம்ப்ரசரும் காதும் மாறவில்லை. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும், கடைசி சத்த அளவு. 2010-க்கு முந்தைய புத்தகங்கள் சி.டி.க்காக எவ்வளவு சத்தமாக அமுக்கலாம் என்று பேசும். இப்போது யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிச் சமப்படுத்திவிடுகின்றன. அதற்கு மேல் அமுக்கிக் கொடுத்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள், அமுக்கியதால் வந்த நசுங்கல் மட்டும் மிச்சம்.

வாங்கிய பிறகு படிக்கிற முறை. மைக் சீனியரின் அத்தியாயங்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சுருக்கமும் செய்துபார்க்க ஒரு வேலையும் இருக்கும். அந்த வேலையைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு வாரம் ஆனால் ஆகட்டும். பயிற்சிக்குப் பாட்டு வேண்டுமென்றால் அவரே தன் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகளின் தனித்தனி ட்ராக்குகளை இலவசமாக, கற்பதற்காகப் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றை இறக்குங்கள். முதல் மூன்று நாள் ஒரு ப்ளக்-இன்னும் தொடாமல், ஃபேடரும் இடம் வலமும் மட்டும் வைத்து மிக்ஸ் செய்யுங்கள். எந்த ஃபேடரை எங்கே வைத்தாலும் திருப்தி வரவில்லையோ அந்த ட்ராக்குக்குத்தான் கம்ப்ரசரோ ஈக்யூவோ தேவைப்படுகிறது. பல்லவியில் குரல் கேட்கிறது, சரணத்தில் அமுங்குகிறது என்றால் ஏற்ற இறக்கப் பிரச்சினை, கம்ப்ரசரிடம் போங்கள். குரலைக் கேட்கும்படி ஏற்றினால் காது கூசுகிறது, இறக்கினால் வார்த்தை போகிறது என்றால் அலைவரிசைப் பிரச்சினை, ஈக்யூவிடம் போங்கள். இந்த ஒரு யோசனைக்காகவே அவருக்குக் காசு கொடுக்கலாம்.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஓட்டுக் கூரையோ தகரமோ பக்கத்தில் இருந்தால் அந்த மாதங்களில் குரல் பதிவு நடக்காது, படிப்பும் மிக்ஸிங்கும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கண்டன்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு மூடுகிற டப்பாவில் போட்டு வையுங்கள், ஈரம் ஏறினால் வறுத்த அப்பளம் மாதிரிப் பொரியும்.

இந்த வாரம் புத்தகம் வரும்வரை ஒரு வேலை. மேசையையும் ஸ்பீக்கரையும் ஒரு சுவர்ப் பக்கம் தள்ளி, உங்கள் தலை அந்த முன்சுவரிலிருந்து ஏறக்குறைய நாலடியில் வருகிற மாதிரி உட்காருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் பக்கச் சுவர்களிலிருந்து சம தூரத்தில் இருக்கட்டும். காரில் முழங்கிய அதே பாட்டை எடுத்து, பேஸ் ஃபேடரை மட்டும் தொட்டுச் சரிசெய்து, மறுபடி காரில் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். வாங்கக் காசு உடனே இல்லையென்றால் தக்கலைப் பக்கம் வரும்போது என் பிரதியை எடுத்துப் போகலாம். 2011 பதிப்பு, அட்டை மழையில் உப்பியிருக்கும், பேலன்ஸ் பகுதியில் பென்சில் கோடுகளைக் கண்டுகொள்ளாதீர்கள்.